ஆற்றைத் திருப்பிய ஆங்கிலேயர்

தை பிறந்தால் தமிழகமெங்கும் பொங்கல் பொங்கும். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலோ அந்த நாட்களில் இரண்டு பொங்கல். ஒன்று கதிரவனுக்கு, மற்றொன்று ஒரு வெள்ளைக்காரருக்கு! சனவரி 15 அவர் பிறந்த நாள். லோயர் கேம்ப்பில் இருக்கும் மணிமண்டபத்துக்கு உழவர்கள் திரண்டு வருகிறார்கள். பானை வைக்கிறார்கள், பால் பொங்குகிறது, சிலைக்கு மாலை விழுகிறது. வீட்டுச் சுவரில் அவர் படத்தை மாட்டியிருப்போர் பலர். பெற்ற பிள்ளைக்கு அவர் பெயரை வைத்தவர்களும் உண்டு. தேனி பேருந்து நிலையமே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கர்னல் ஜான் பென்னிகுயிக் என்பது அந்தப் பெயர்.

அடிமைத் தளையை அறுத்தெறிய அரும்பாடுபட்ட நாட்டில், ஆண்ட கூட்டத்தைச் சேர்ந்த ஒருவருக்கு மாலையா? சிலர் கேட்கக் கூடும். கேட்கட்டும், நியாயமான கேள்விதான். விடை சொல்ல வேண்டுமானால் அந்த மனிதரின் வாழ்வைப் பார்க்க வேண்டும். அவர் வாழ்வோடு பின்னிக் கிடக்கும் பஞ்சத்தைப் பார்க்க வேண்டும். பஞ்சத்தை விரட்டப் பாடுபட்டு மலையிலேயே மடிந்துபோன பாட்டாளிகளையும் பார்க்க வேண்டும்.

1841-ஆம் ஆண்டு பூனா நகரில் பிறந்தார் பென்னிகுயிக். தந்தை பிரிட்டிஷ் படையின் தளபதிகளில் ஒருவர். சீக்கியருடன் நடந்த இரண்டாம் போரில், சில்லியன்வாலாக் களத்தில், 1849 சனவரி 13-ஆம் நாள் தந்தை மாண்டார். அதே களத்தில் பதினேழு வயது அண்ணனும் மாண்டார். சிறுவன் ஜானுக்கு எட்டு வயது நிறைய அப்போது இரண்டே நாள் பாக்கி. வாளும் துப்பாக்கியும் ஒரு குடும்பத்துக்கு என்ன கொடுக்கும் என்பதை அந்த வயதிலேயே கண்டுவிட்ட பிள்ளை அவர்.

ஆயினும் அவரும் படையில்தான் சேர்ந்தார். இங்கிலாந்தில் செல்டன்ஹாம் கல்லூரியிலும், கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய அடிஸ்கோம் இராணுவப் பள்ளியிலும் படித்தார். 1858-இல் சென்னை எஞ்சினியர் படையில் அதிகாரியானார். 1860-இல் இந்தியா வந்தார். 1867-68-இல் அபிசீனியப் படையெடுப்பில் சென்று வந்தார். பிறகு அவர் கையில் ஏறியது அளவு நாடா. சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையில் நீர் தேக்கும் வேலை, வாய்க்கால் வெட்டும் வேலை, கணக்குப் போடும் வேலை. இருபது ஆண்டுக்கு மேல் இப்படியே கழிந்தது.

மலைக்கு இரு பக்கம்

அவரை நாம் நினைக்கக் காரணமான வேலையைப் புரிந்துகொள்ள, மேற்குத் தொடர்ச்சி மலையின் இரு பக்கத்தையும் ஒரு கணம் மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள்.

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து மேகத்தைச் சுமந்து வருகிறது. மலை மறிக்கிறது. மேற்குச் சரிவில் மழை கொட்டித் தீர்க்கிறது. கிழக்கே இறங்கும்போது காற்றில் ஈரம் குறைந்துவிடுகிறது. மழை மறைவுப் பிரதேசம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். மேற்கே பெரியாறு பொங்கிப் புரண்டு ஓடி அரபிக் கடலில் கலக்கிறது. கிழக்கே வைகையோ ஆண்டில் பல மாதம் மணலாகக் கிடக்கிறது. ஒரே மலை. அந்தப் பக்கம் வெள்ளம், இந்தப் பக்கம் வெறுமை!

இந்த நீரை இந்தப் பக்கம் திருப்பினால் என்ன என்ற எண்ணம் பென்னிகுயிக்குக்கு முன்பே பிறந்துவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்பப் பிள்ளை ஆட்களை மலைக்கு அனுப்பி ஆராய்ந்தார். வழி தெரிந்தது, பணம் இல்லை. 1808-இல் கால்டுவெல் என்ற ஆங்கில அதிகாரி பார்த்துவிட்டு, நடக்காத காரியம் என்று ஒதுக்கினார். 1850-இல் சிறு அணை ஒன்றைத் தொடங்கினார்கள். காய்ச்சல் விரட்டியது, கைவிட்டார்கள். 1867-இல் ரைவ்ஸ் என்ற அதிகாரி மண்ணணைத் திட்டம் தீட்டினார். அதுவும் கோப்பில் உறங்கியது.

கோப்பு உறங்கியது. பஞ்சம் உறங்கவில்லை.

1876-இல் மழை பொய்த்தது. அடுத்து வந்த ஈராண்டுகளும் சென்னை மாகாணத்தைச் சுடுகாடாக்கின. மாண்டவர் முப்பது லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். அந்த நேரத்திலும் துறைமுகங்களிலிருந்து தானியக் கப்பல்கள் இங்கிலாந்துக்குப் புறப்பட்டுக்கொண்டுதான் இருந்தன. நிவாரண வேலைக்கு வந்த கூலிக்கு, நாள் முழுதும் கல் உடைத்தால் ஏறத்தாழ ஒரு ராத்தல் தானியத்துக்கு ஈடான கூலி என்று வெட்டினார் ரிச்சர்டு டெம்பிள் என்ற துரை. எலும்புக்கூடுகளை வைத்துச் சாலை போட்ட அரசாங்கம் அது. அதை நாம் மறக்கவும் மாட்டோம், மறைக்கவும் மாட்டோம்.

பஞ்சம் முடிந்ததும் வெள்ளை அரசாங்கம் கணக்குப் பார்த்தது. செத்தவனிடம் வரி வாங்க முடியாது. நிவாரணச் செலவோ கஜானாவைக் கடித்தது. ஆற்றைத் திருப்பினால் தண்ணீர்த் தீர்வை வரும், பஞ்சச் செலவு மிஞ்சும் என்று தோன்றியது. ஆக, இரக்கம் பாதி, இலாபக் கணக்கு பாதியாகப் பழைய கோப்பைத் தூசு தட்டினார்கள். 1882-இல் அதைத் திருத்தி எழுதும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது.

மண் வேண்டாம், கல் வேண்டும்

முன்னோர் போட்ட மண்ணணைத் திட்டத்தை அவர் ஒதுக்கினார். காட்டாற்று வெள்ளத்துக்கு மண் நிற்காது என்பது அவர் முடிவு. கல், சுண்ணாம்பு, சுட்ட செங்கல் பொடியான சுர்க்கி இவற்றைக் கொண்டு, தன் எடையாலேயே தண்ணீரைத் தாங்கி நிற்கும் அணைக்குத் திட்டமிட்டார். உயரம் 155 அடி, நீளம் 1200 அடி. தேங்கும் நீரைக் கிழக்கே கொண்டுவர, மலை முகட்டைக் குடைந்து ஒரு மைலுக்கும் மேலான நீளத்தில் சுரங்கம். அதன் வழியே இறங்கும் நீர் வைரவனாற்றில் விழுந்து, சுருளியாற்றோடு சேர்ந்து, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி வழியே போய் வைகையில் கலக்கும். 1884-இல் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது.

இடம் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குச் சொந்தம். நீண்ட பேச்சுக்குப் பின் 1886 அக்டோபர் 29-ஆம் நாள் ஒப்பந்தம் முடிந்தது. 8,000 ஏக்கர், 999 ஆண்டுக் குத்தகை, ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய். 1887-இல் வேலை தொடங்கியது.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை ஆலையிலும் வயலிலும் பாடுபடும் நம் தோழர்கள் சுலபமாக உணர்வார்கள். பக்கத்தில் ஊர் கிடையாது, சாலை கிடையாது. யானையும் புலியும் உலவும் அடர்ந்த காடு. சுண்ணாம்பையும் அரிசியையும் கம்பம் அடிவாரத்திலிருந்து கம்பிவடம் கட்டி மலைமேல் ஏற்றினார்கள். ஆற்றை ஒதுக்கி நிறுத்தக் கொத்தணை போட்டால், அடுத்த மழையின் வெள்ளம் அதை அடித்துச் சென்றது. மறுபடி போட்டார்கள். மறுபடி அடித்துச் சென்றது. போட்டதும் போனதும் ஒரு முறையா, இரு முறையா!

எத்தனையோ அதிகாரிகள் அந்த நிலையில் பெட்டியைக் கட்டியிருப்பார்கள். பென்னிகுயிக் கட்டவில்லை. வெள்ளம் வடிந்ததும் மீண்டும் ஆற்றில் இறங்கினார். எட்டு ஆண்டுகள்! அவர் பெருமை அந்த விடாப்பிடியில் இருக்கிறது.

ஆனால் அவர் தனியாக இறங்கவில்லை. சென்னைப் பயனீர் படை வீரர்கள் இறங்கினார்கள். கொச்சியிலிருந்து வந்த தச்சர்கள் இறங்கினார்கள். கல் உடைத்தவர், சுண்ணாம்பு அரைத்தவர், சட்டி சுமந்தவர் என்று ஆயிரக்கணக்கில் கூலிகள் இறங்கினார்கள். வெள்ளம் விட்டவர்களைக் காய்ச்சல் பிடித்தது. நோயால் மட்டும் 483 பேர் மாண்டதாகக் கணக்கு இருக்கிறது. அணைக்கு அருகே கல்லறைத் தோட்டமும் இருக்கிறது. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்ற உண்மையை ரொனால்டு ராஸ் கண்டறிந்தது 1897-இல். அணை முடிந்ததோ 1895-இல். தம்மைக் கொல்வது எது என்றே தெரியாமல் செத்தார்கள் அந்தத் தோழர்கள்!

1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். மேற்கே ஓடிய ஆறு கிழக்கே திரும்பியது.

சொத்தை விற்றாரா?

இங்கே ஒரு செய்தியைத் திறந்த மனத்தோடு பேசியாக வேண்டும். அரசாங்கம் பணத்தை நிறுத்திவிட்டது, பென்னிகுயிக் இங்கிலாந்து சென்று தம் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று வந்து அணையை முடித்தார் என்று பள்ளத்தாக்கில் ஒரு கதை வழங்குகிறது. மேடைகளிலும் கேட்கிறோம். நன்றியுள்ள மக்கள் நெஞ்சிலிருந்து பிறந்த கதை அது. அதைக் கேலி செய்ய நமக்கு மனமில்லை. ஆனால் பதிவேடுகள் சொல்வது வேறு. அணை அரசாங்கப் பணத்தில் கட்டப்பட்டது.

அரசாங்கப் பணம் என்றால் யார் பணம்? பஞ்சத்தில் பிழைத்துக் கிடந்த உழவன் கட்டிய தீர்வை, உப்புக்குக் கொடுத்த வரி. அது மக்கள் பணம். மக்கள் பணத்தில், மக்கள் உழைப்பில், ஒரு திறமைசாலியின் திட்டத்தில் எழுந்தது அந்த அணை.

இதைச் சொல்வதால் பென்னிகுயிக் சிறுத்துவிட மாட்டார். சம்பளம் வாங்கிய வேலையை உயிரைக் கொடுத்துச் செய்வது சிறிய காரியமா? நம் அலுவலகங்களில் நாற்காலியைத் தேய்க்கும் எத்தனை பேர் அதைச் செய்கிறார்கள்? கதையை அப்படியே நம்பினால் வரும் கேடு ஒன்று உண்டு. சொத்தை விற்று நம்மைக் காக்க ஒரு புண்ணியவான் வருவார் என்று கைகட்டிக் காத்திருப்போம். அடுத்த பஞ்சத்துக்குப் புண்ணியவான் வராவிட்டால்?

வேலை முடிந்த பிறகு அவர் வாழ்வு அமைதியாகவே நடந்தது. சி.எஸ்.ஐ. பட்டம் கிடைத்தது. 1896-இல் ஓய்வு பெற்றுத் தாய்நாடு திரும்பினார். இந்தியாவுக்கு என்ஜினீயர்களைத் தயாரித்த கூப்பர்ஸ் ஹில் கல்லூரியில் 1899 வரை தலைவராக இருந்தார். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ஆற்றில் வெள்ளம் தடுக்கும் வழியைச் சொல்ல அழைப்பு வந்தது; போய்ப் பார்த்து யோசனை சொன்னார். 1911 மார்ச் 9-ஆம் நாள் இங்கிலாந்தில் கேம்பர்லி என்ற ஊரில் மறைந்தார். அந்த ஊரிலேயே 2022-இல் தமிழ்நாடு அரசின் சார்பில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. லோயர் கேம்ப் மணிமண்டபம் 2013 சனவரி 15-இல் திறக்கப்பட்டது.

தண்ணீர் வந்தது, பிறகு?

கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் நிலம் இந்த நீரால் இருபோக நெல் விளைகிறது. முதல் போகத்துக்கு ஜூன் முதல் நாள் தண்ணீர் திறப்பது மரபு. அதற்கு அப்பால் மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் என்று வயலுக்கும் குடிநீருக்கும் இந்த நீரை எதிர்பார்த்து வாழும் மக்கள் இலட்சக்கணக்கில்.

ஆனால் எல்லோருக்கும் கிடைத்துவிட்டதா? கால்வாய் போன இடம் பச்சை. போகாத இடம் கரடு. உசிலம்பட்டி வட்டாரத்து மக்கள் 58 கிராமக் கால்வாய்க்காகத் தலைமுறை தலைமுறையாகக் குரல் கொடுத்த வரலாறு நமக்குத் தெரியும். கால்வாய் உள்ள இடத்திலும் தலைமடைக்காரன் வயல் நிறைந்த பிறகே கடைமடைக்காரன் வயலுக்கு முறை வருகிறது.

அணையைப் பற்றியும் வழக்கு எழுந்தது. 1979-இல் பாதுகாப்பு அச்சத்தால் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அணை பலப்படுத்தப்பட்டது. 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் சொன்னது. 2014 மே 7-இல் அரசியல் சாசன அமர்வு அதை உறுதி செய்தது. நம் உரிமையில் நாம் உறுதியாக நிற்கிறோம். அணைக்குக் கீழே வாழும் கேரளத்து உழைப்பாளியும் நம் தோழனே என்பதையும் மறக்கவில்லை. அணையைப் பழுதில்லாமல் பேணுவது அவன் உயிருக்கும் நம் வயலுக்கும் ஒருசேரக் காவல்.

இப்போது இன்னொரு மாற்றான் வந்திருக்கிறான். பருவம் தவறும் வானம் அவன் பெயர். உலகெங்கும் ஆலைப் புகையும் எரிபொருளும் வளிமண்டலத்தைச் சூடாக்க, மழை தன் கணக்கை மாற்றிக்கொண்டிருக்கிறது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை படுமோசமாகப் பொய்த்தது. 2017 சனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டன. இரண்டே ஆண்டில், 2018 ஆகஸ்ட்டில், கேரளம் வெள்ளத்தில் மிதந்தது. பெரியாறு அணையின் நீர்மட்டம் 142 அடியைத் தொட்டது. ஓராண்டு வறட்டி எடுக்கிறது, ஓராண்டு அடித்துப் போகிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் ஜூன் முதல் நாள் திறப்பும் தள்ளிப் போயிருக்கிறது.

இந்த அடி யார் முதுகில் விழுகிறது? தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம், 2015-16 கணக்கெடுப்பின்படி, முக்கால் ஹெக்டேர். இரண்டு ஏக்கர் கூட இல்லை. பெரிய தோட்டக்காரர் ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழமாக இறக்குவார். இரண்டு ஏக்கர்க்காரன் எங்கே இறக்குவான்? கடனில் இறங்குவான்! அவன் வயலில் நடவு நட்டுக் கூலி வாங்கும் தாய்மார்கள் அவனுக்கும் முன்னே பட்டினியில் இறங்குவார்கள்.

வழி இல்லையா? உண்டு. ஏக்கர் கணக்கில் தண்ணீரைத் தேக்கி நிறுத்தாமல், வயலைக் காயவிட்டுப் பாய்ச்சும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில் நெல்லுக்கு நீர் மிச்சமாகிறது. தென்னைக்கும் திராட்சைக்கும் வாழைக்கும் சொட்டுநீர்ப் பாசனம் இருக்கிறது. சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு விழுக்காடு மானியத் திட்டமும் இருக்கிறது. கண்மாயில் படிந்த வண்டலை எடுத்து வயலில் கொட்டினால் கண்மாய் ஆழமாகும், வயல் உரமாகும். தக்கைப் பூண்டும் சணப்பும் விதைத்து மடக்கி உழுதால் மண்ணில் மக்கு கூடும். மக்கு கூடிய மண் பஞ்சைப் போல ஈரத்தைப் பிடித்து வைக்கும். வரப்பில் மரம் நின்றால் காற்றும் வெயிலும் தணியும். இவற்றைச் சொல்லித் தரக் காமாட்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையமும், ஆனைமலையன்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன.

இருந்தும் ஏன் எட்டவில்லை? வாய்மொழிக் குத்தகையில் உழுபவனிடம் பட்டா இல்லை. பட்டா இல்லாதவனை மானியம் திரும்பிப் பார்ப்பதில்லை. குத்தகைதாரர் உரிமையைப் பதிவு செய்ய 1969-இலேயே சட்டம் வந்தது. அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறச் செய்வது நம் வேலை. கண்மாய் வரத்துக் காலை அடைத்த ஆக்கிரமிப்பை எடுக்க மனுக் கொடுப்பது, ஊரைக் கூட்டி மடை முறையைப் பேசி முடிப்பது, கடைமடைக்குத் தண்ணீர் போகிறதா என்று கால் வலிக்க நடந்து பார்ப்பது, இவையும் நம் வேலை. மேகமலையும் வருசநாட்டு மலையும் காடாக நின்றால்தான் வைகைக்கு ஊற்று. 2021-இல் அது புலிகள் காப்பகமாயிற்று. காட்டைக் காப்பதோடு, அதை நம்பி வாழும் ஏழைக்கும் வழி செய்யச் சொல்லிக் கேட்பதும் நம் கடமை.

தோழர்களே! பென்னிகுயிக் வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று. வானத்தை நம்பி இராமல் திட்டம் போட வேண்டும். அந்தத் திட்டத்துக்கு மக்கள் பணத்தை மக்களுக்கே செலவிடச் செய்ய வேண்டும். வெள்ளம் அடித்துச் சென்றாலும் மறுபடி கொத்தணை போட வேண்டும்.

அடுத்த தையிலும் பள்ளத்தாக்கில் பொங்கல் பொங்கும். ஒரு கைப்பிடி அரிசியைப் பென்னிகுயிக்குக்காகப் போடுங்கள். அவர் அதற்குத் தகுதியானவர். இன்னொரு கைப்பிடியை, மலையில் மடிந்த அந்த 483 பேருக்காகப் போடுங்கள். அவர்கள் பெயரை யாரும் பிள்ளைக்கு வைக்கவில்லை. கடைமடை வயல் வரை தண்ணீர் போய்ச் சேரும் நாள்தான் அவர்களுக்கு நாம் எழுப்பும் மணிமண்டபம்.